இசாக் விவகாரமும் டிரான்ஸ்ஃபர் ஆஃபரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 ஆகஸ்ட் தொடக்கத்தில் இங்கிலாந்துக் கால்பந்து கிளப்பான நியூகாசில் யுனைடெட்டின் ஸ்டிரைக்கர் (கோல் அடிக்கும் முன்கள வீரர்) அலெக்சாண்டர் இசாக்குக்காக லிவர்பூல் 110 மில்லியன் பவுண்ட் ஆஃபர் வைத்தது. நியூகாசில் மறுத்தது. ஒரு மாத இழுபறிக்குப் பிறகு, டிரான்ஸ்ஃபர் விண்டோ (வீரர்களை வாங்கி விற்க அனுமதி உள்ள காலம்) மூடும் நாளான செப்டம்பர் 1 அன்று 125 மில்லியனுக்கு முடிந்தது. ஒரு பிரிட்டிஷ் கிளப் ஒரு வீரருக்குக் கொடுத்த தொகைகளில் அதுவரை அதுவே பெரியது. அந்த மாதம் முழுக்க இரு பக்க ரசிகர்களும் கேட்டுக்கொண்டே இருந்த சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். எந்தப் பெரிய டிரான்ஸ்ஃபர் வந்தாலும் கிட்டத்தட்ட இதே கேள்விகள்தான் எழுகின்றன. செய்தியில் வரும் மொத்தத் தொகையை மட்டும் வைத்துச் சண்டை போடுவதுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். (1 மில்லியன் என்பது 10 லட்சம்.)

ஆஃபர் கொடுத்தாங்கன்னா யாருக்குக் கொடுத்தாங்க? பிளேயருக்கா, கிளப்புக்கா?

கிளப்புக்கு. ஒப்பந்தத்தில் இருக்கும் வீரரின் பதிவு அவருடைய கிளப்பிடம் இருக்கிறது. அதை விட்டுக்கொடுக்க அந்தக் கிளப் கேட்கும் விலைதான் டிரான்ஸ்ஃபர் தொகை. விதிப்படி முதலில் இரண்டு கிளப்புகளும் விலை பேசி முடிக்க வேண்டும். பிறகு வீரருடன் சம்பளமும் ஒப்பந்தக் காலமும் பேச வேண்டும். அதன்பின் மெடிக்கல் (உடல் பரிசோதனை), கையெழுத்து, பதிவு.

நடைமுறையில் ஏஜென்ட் வழியாகச் சம்பளப் பேச்சு முன்பே ஓடிவிடும். வெளிப்படையாக மாட்டிக்கொண்டால் சிக்கல்தான். 2017 ஜூனில் வர்ஜில் வான் டைக் விஷயத்தில் லிவர்பூல் சவுத்தாம்ப்டனிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டுப் பின்வாங்கியது. அதே வீரரை 2018 ஜனவரியில் 75 மில்லியனுக்கு வாங்கியது.

110 மில்லியன் என்ன சின்னத் தொகையா? நியூகாசில் ஏன் வேண்டாம்னாங்க?

2024–25 பிரீமியர் லீகில் இசாக் 23 கோல் அடித்தார். 2025 மார்ச்சில் லீக் கோப்பை இறுதியாட்டத்தில் லிவர்பூலையே 2–1 என்று நியூகாசில் வீழ்த்தியபோது இரண்டாவது கோல் அவருடையது. வயது 25, ஒப்பந்தம் 2028 வரை. விற்றே ஆக வேண்டிய அவசரம் கிளப்புக்கு இல்லை.

அதைவிடப் பெரிய காரணம், பதிலுக்கு ஆள் இல்லாதது. காலம் வில்சன் ஒப்பந்தம் முடிந்து போய்விட்டார். நியூகாசில் குறிவைத்த ஊகோ எகிடிகேயை லிவர்பூலே ஜூலையில் தூக்கிக்கொண்டது. பெஞ்சமின் செஷ்கோ மான்செஸ்டர் யுனைடெட்டுக்குப் போனார். சீசனின் முதல் ஆட்டத்தில் விங்கர் ஆன்டனி கார்டனை நடு ஸ்டிரைக்கராக நிறுத்த வேண்டியதாயிற்று. ஆஸ்டன் வில்லாவுக்கு ரெட் கார்ட் விழுந்து 10 பேர்தான் இருந்தார்கள். அப்போதும் கோல் விழவில்லை, 0–0. ஸ்டிரைக்கர் இல்லாத அணிக்கு 110 மில்லியன் வங்கியில் இருந்து என்ன பயன்?

ஆகஸ்ட் கடைசியில் ஸ்டுட்கார்ட்டிலிருந்து நிக் வோல்டமாடெ வந்தார், கடைசி நாளில் பிரென்ட்ஃபோர்டிலிருந்து யோவான் விஸ்ஸா. அதன் பிறகே இசாக்குக்குக் கதவு திறந்தது. ஆகஸ்ட் முதல் வாரத்தில் மறுத்தது சரியான முடிவு என்பதே எங்கள் கருத்து. மாற்று ஆளை முன்கூட்டியே பிடித்து வைக்காததுதான் பிழை.

"100 + 16"னு போடறாங்களே, அந்தப் பிளஸ் என்ன?

ஆட்-ஆன். அதே கோடையில் ஃப்ளோரியன் விர்ட்ஸை பேயர் லெவர்குசனிலிருந்து லிவர்பூல் எடுத்தது இந்தக் கணக்கில்தான்: 100 மில்லியன் நிச்சயம், 16 மில்லியன் நிபந்தனைகள் நிறைவேறினால். இத்தனை ஆட்டம் ஆடினால், இத்தனை கோல் அடித்தால், சாம்பியன்ஸ் லீக்குக்குத் தகுதி பெற்றால், கோப்பை வென்றால் என்று நிபந்தனைகள் இருக்கும்.

எல்லா ஆட்-ஆனும் ஒன்றல்ல. "25 ஆட்டம் ஆடினால் 3 மில்லியன்" என்பது காயம் படாத வீரருக்குக் கையில் இருக்கும் பணம். "பாலோன் டி'ஓர் வென்றால்" (உலகின் சிறந்த வீரருக்கான ஆண்டு விருது) என்பது பெரும்பாலும் காகிதத்தில் மட்டும். 2015-ல் மொனாக்கோவிலிருந்து ஆன்டனி மார்சியாலை மான்செஸ்டர் யுனைடெட் வாங்கியபோது பாலோன் டி'ஓர் சார்ந்த நிபந்தனையும் இருந்தது. அது நிறைவேறவே இல்லை. ஆட்-ஆன் தொகையைப் பார்த்ததும் "எது நடந்தால் கிடைக்கும்?" என்று கேளுங்கள். அந்த விவரம் வெளியாகவில்லை என்றால் பாதியை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்வது பாதுகாப்பு.

மொத்தப் பணமும் ஒரே நாள்ல கைமாறுமா?

அபூர்வம். மூன்று, நான்கு, ஐந்து தவணைகளாகத்தான் வரும். முதல் தவணை எவ்வளவு, எத்தனை ஆண்டு என்பதில்தான் பேரம் இழுக்கிறது. விற்கும் கிளப் பதிலுக்கு ஆள் வாங்க வேண்டுமென்றால் முன்பணம் கூடுதலாகக் கேட்கும். அவசரப் பணம் வேண்டுமென்றால், வரவேண்டிய தவணைகளை நிதி நிறுவனத்திடம் கழிவுக்கு விற்றுக் காசாக்கும் வழக்கமும் உண்டு. அந்தக் கழிவு விற்ற கிளப்பின் நஷ்டம்.

ரெண்டு ஆஃபர் வந்தா எது பெருசுன்னு எப்படிக் கணக்குப் போடறது?

ஓர் உதாரணம். ஆஃபர் அ: மொத்தம் 90 மில்லியன், 45 இப்போது, 45 ஓராண்டு கழித்து. ஆஃபர் ஆ: மொத்தம் 110 மில்லியன், அதில் 80 நிச்சயம், 30 ஆட்-ஆன். அந்த 80-ம் ஐந்து தவணை, தவணைக்கு 16. முதல் தவணை இப்போது, மற்றவை ஆண்டுக்கு ஒன்று. தலைப்பில் "110 மில்லியனை மறுத்துவிட்டு 90-க்கு விற்றார்கள்" என்று வரும், ரசிகர்கள் கொதிப்பார்கள்.

ஆண்டுக்கு 8 சதவீத வட்டி வைத்து இன்றைய மதிப்புக்குக் கொண்டு வாருங்கள். அ-வில் இரண்டாம் தவணையின் இன்றைய மதிப்பு 41.7, மொத்தம் 86.7. ஆ-வில் தவணைகள் 16, 14.8, 13.7, 12.7, 11.8 என்று சுருங்கிச் சுமார் 69 ஆகின்றன. ஆட்-ஆனில் பாதி கிடைத்தால் 15. அதுவும் ஓரிரு ஆண்டு கழித்துத்தான் வரும் என்பதால் 13 என்று வையுங்கள். மொத்தம் 82. ஆக, 90 மில்லியன் ஆஃபர்தான் பெரியது.

பார்க்க வேண்டிய வரிசை: நிச்சயத் தொகை எவ்வளவு, எத்தனை தவணை, ஆட்-ஆன் எளிதா கடினமா, மறுவிற்பனைப் பங்கு (வீரரைப் பிறகு வேறு கிளப்புக்கு விற்றால் முதலில் விற்ற கிளப்புக்குக் கிடைக்கும் பங்கு) உண்டா. இந்த நான்கும் தெரியாமல் ஓர் ஆஃபரை "அவமானம்" என்றோ "அள்ளிக் கொடுத்தார்கள்" என்றோ சொல்ல இடமில்லை.

ஒப்பந்தம் இன்னும் எத்தனை வருஷம் இருக்குங்கிறது அவ்வளவு முக்கியமா?

விலையை முடிவு செய்வதில் கோல் கணக்குக்கு அடுத்து இதுதான். ஃபிஃபா விதிப்படி ஒப்பந்தத்தின் கடைசி 6 மாதத்தில் வீரர் வேறு கிளப்புடன் நேரடியாகப் பேசி முன் ஒப்பந்தம் போடலாம். முடிந்ததும் இலவசமாகப் போகலாம். 1995 டிசம்பரில் வந்த போஸ்மன் தீர்ப்பின் பலன் அது. கிலியன் எம்பாப்பே 2024-ல் பாரிஸ் கிளப்பான பிஎஸ்ஜியை விட்டு ரியல் மாட்ரிட்டுக்குப் போனபோது டிரான்ஸ்ஃபர் தொகை பூஜ்யம்.

ஹாரி கேனைப் பாருங்கள். 2021-ல் மான்செஸ்டர் சிட்டி துரத்தியபோது ஒப்பந்தத்தில் 3 ஆண்டு மீதி. டாட்டனம் அசையவே இல்லை. 2023-ல் ஓராண்டுதான் மீதி, வயதும் 30. பேயர்ன் மியூனிக்குக்கு விற்றுத்தான் ஆக வேண்டியிருந்தது. இசாக்குக்கு 3 ஆண்டு மீதி இருந்ததால்தான் நியூகாசில் அத்தனை நாள் நிமிர்ந்து நிற்க முடிந்தது.

ரிலீஸ் கிளாஸ் இருந்தா அந்தப் பணத்தைக் கொடுத்துத் தூக்கிட வேண்டியதுதானே?

ரிலீஸ் கிளாஸ் என்பது இவ்வளவு தொகை கட்டினால் வீரரை விட்டுவிட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதும் விதி. ஸ்பெயினில் கிட்டத்தட்ட நீங்கள் சொல்கிறபடிதான். அங்கே 1985-ல் வந்த அரசாணையின்படி, வீரர் தன் ஒப்பந்தத்தைப் பணம் கட்டி முறித்துக்கொள்ளலாம். 2017 ஆகஸ்டில் நெய்மாரின் 222 மில்லியன் யூரோ காசோலையை ஸ்பெயின் லீகான லா லிகாவின் அலுவலகம் வாங்க மறுத்தது. அவர் தரப்பு வழக்கறிஞர்கள் நேராக பார்சிலோனா கிளப்பிடம் கொண்டுபோய்க் கட்டினார்கள். கிளப்பால் தடுக்க முடியவில்லை.

இங்கிலாந்தில் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால்தான் உண்டு. எழுதிய விதமும் முக்கியம். 2021-ல் ஜாக் கிரீலிஷுக்கு 100 மில்லியன் என்று தெளிவாக எழுதியிருந்தது, சிட்டி கட்டியது, முடிந்தது. 2013-ல் லூயிஸ் சுவாரஸுக்காக ஆர்சனல் 40 மில்லியனோடு 1 பவுண்ட் சேர்த்து ஆஃபர் வைத்ததே, அது வேறு கதை. 40 மில்லியனைத் தாண்டினால் விட்டுவிட வேண்டும் என்று ஆர்சனல் நம்பியது. பேச வேண்டும் என்றுதான் இருக்கிறது, விற்க வேண்டும் என்றில்லை என்று லிவர்பூல் நின்றது. சுவாரஸ் தங்கினார், அந்த சீசனில் 31 லீக் கோல் அடித்தார், 2014-ல் அதைவிட மிக அதிக விலைக்கு பார்சிலோனாவுக்குப் போனார். இசாக்குக்கு இப்படி எதுவும் பயன்படாததால் முழுக்க முழுக்கப் பேரமாகத்தான் நடந்தது.

அமெரிக்காவுல மாதிரி ஆளுக்கு ஆள் டிரேட் பண்ணினா என்ன? ரெண்டு நல்ல பிளேயரைக் கொடுத்துட்டு வாங்கலாமே?

அமெரிக்க லீகுகளில் டிரேட் என்றால் ஒப்பந்தமும் அப்படியே வீரருடன் இடம் மாறும். பெரும்பாலான வீரர்களிடம் சம்மதம் கேட்பதில்லை. இங்கே ஒவ்வொரு வீரரும் புதிய கிளப்புடன் தனியாகப் புது ஒப்பந்தம் போட வேண்டும். "அவரையும் இவரையும் கொடுத்துவிடலாம்" என்று ரசிகர்கள் எழுதும் பட்டியலில் உள்ள ஒருவர் ஊர் மாற மறுத்தால் முழு ஒப்பந்தமும் கலைந்துவிடும். வருகிற வீரர் அந்தக் கோச்சுக்குத் தேவைப்பட வேண்டும், சம்பளமும் அந்தக் கிளப்புக்குக் கட்டுப்படியாக வேண்டும்.

நடந்தவையும் உண்டு. 2006-ல் ஆஷ்லி கோல் செல்சிக்கும் வில்லியம் கல்லாஸ் ஆர்சனலுக்கும் மாறினார்கள், மேலே பணமும் சேர்ந்தது. 2009-ல் சாமுவேல் எட்டோவையும் பெரும் தொகையையும் கொடுத்து ஸ்லாடன் இப்ராஹிமோவிச்சை பார்சிலோனா வாங்கியது. அடுத்த மே மாதம் சாம்பியன்ஸ் லீகைத் தூக்கியது எட்டோ இருந்த இன்டர் மிலான். 2018 ஜனவரியில் அலெக்சிஸ் சான்சஸும் ஹென்ரிக் மிகிதாரியனும் மாறியதில் இரண்டு கிளப்புக்குமே பெரிய பலன் இல்லை.

இன்னொரு ஆபத்து, விலையை ஊதிக் காட்டுவது. இரண்டு வீரருக்கும் மிகையான விலை எழுதினால் கைக்காசு செலவில்லாமல் இரு கிளப்பின் கணக்கிலும் லாபம் தெரியும். இந்தக் குற்றச்சாட்டில்தான் ஜுவென்டஸ் 2022–23 சீசனில் கடைசியாக 10 புள்ளி இழந்தது.

கிளப் ஒத்துக்கிச்சு, அப்புறம் எப்படி டீல் உடையுது?

வீரர் மாட்டேன் என்றால் உடையும். 2023 ஆகஸ்டில் மொய்சஸ் கைசேடோவுக்கு லிவர்பூல் வைத்த 111 மில்லியனை பிரைட்டன் ஏற்றுக்கொண்டது. அவர் செல்சிக்குத்தான் போவேன் என்றார். செல்சி 115 மில்லியன் வரை ஏற்றி எடுத்தது.

மெடிக்கலில் பழைய முழங்கால் காயம் தெரிந்தாலும், சம்பளம் ஒத்துப்போகாவிட்டாலும் உடையும். விற்கும் கிளப்புக்கு மாற்று ஆள் கிடைக்காவிட்டாலும் கடைசி நிமிடத்தில் நின்றுவிடும். இசாக் வந்த அதே நாளில் கிரிஸ்டல் பேலஸின் மார்க் கெய்ஹியும் லிவர்பூலுக்கு வருவதாக இருந்தது. பேலஸுக்குப் பதில் டிஃபென்டர் கிடைக்கவில்லை, டீலை நிறுத்திவிட்டார்கள்.

பிளேயர் பயிற்சிக்கே வரமாட்டேன்னு உட்கார்ந்துட்டா கிளப் வித்துத்தானே ஆகணும்?

சட்டப்படி இல்லை. அபராதம் போடலாம், தனியாகப் பயிற்சி செய்ய வைக்கலாம், அணியில் சேர்க்காமல் வைக்கலாம். 28 வயதுக்கு முன் போட்ட ஒப்பந்தம் என்றால் முதல் 3 ஆண்டு பாதுகாப்புக் காலம். அதற்குள் நியாயமான காரணமின்றி முறித்தால் இழப்பீட்டோடு 4 மாத ஆட்டத் தடையும் வரலாம். 2024 அக்டோபரில் லசானா டியாரா வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் இந்த விதிகளில் சிலவற்றைச் சட்டத்துக்குப் புறம்பானவை என்றது. அதற்காக வீரர் நினைத்தபடி நடந்துபோகலாம் என்று அர்த்தமில்லை.

இசாக் அந்தக் கோடையில் தன் பழைய கிளப்பான ரியல் சோசியதாதில் தனியாகப் பயிற்சி எடுத்தார். வாக்குறுதிகள் மீறப்பட்டதாக ஆகஸ்ட் 19 அன்று அறிக்கை விட்டார். விற்பதற்கான நிபந்தனைகள் நிறைவேறவில்லை என்று கிளப் அன்றே பதில் கொடுத்தது. இந்த நெருக்கடியால் விலை இறங்கவில்லை, 110-லிருந்து 125-க்கு ஏறித்தான் முடிந்தது. வாங்குகிறவருக்கு அவர்தான் வேண்டும் என்பது ஊருக்கே தெரிந்துவிட்டால் விற்கிறவர் ஏன் இறங்குவார்?

60-க்கு வாங்கி 125-க்கு வித்தா லாபம் 65 தானே? 95-னு எப்படிச் சொல்றாங்க?

கணக்குப் புத்தகத்தில் வாங்கிய விலையை ஒப்பந்த ஆண்டுகளுக்குப் பிரித்துக் கழிப்பார்கள். 2022-ல் சுமார் 60 மில்லியனுக்கு 6 ஆண்டு ஒப்பந்தம் என்றால் ஆண்டுக்கு 10. மூன்று ஆண்டில் 30 கழிந்து, புத்தக மதிப்பு 30. விற்றது 125. லாபம் 95. கிளப் தன் அகாடமியில் வளர்த்தவர் என்றால் புத்தக மதிப்பு பூஜ்யம், முழுத் தொகையும் லாபம். பிரீமியர் லீகின் பிஎஸ்ஆர் விதி 3 ஆண்டில் 105 மில்லியன் நஷ்டம் வரைதான் அனுமதித்தது என்பதால், கிளப்புகள் சொந்தப் பிள்ளைகளை விற்கத் துடித்ததன் காரணம் இதுவே. 2026–27 முதல் அந்த இடத்தில் வருமானத்தில் 85 சதவீதம் என்ற அணிச் செலவு வரம்பு வருகிறது.

வாங்கும் பக்கம்: லிவர்பூல் 6 ஆண்டு ஒப்பந்தம் போட்டாலும் விலையை அதிகபட்சம் 5 ஆண்டுக்குத்தான் பிரிக்கலாம். செல்சி எட்டரை ஆண்டு ஒப்பந்தங்களாகப் போட்டுத் தள்ளிய பிறகு, 2023-ல் முதலில் ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஃபாவும் பின்பு பிரீமியர் லீகும் இந்த வரம்பைக் கொண்டுவந்தன. ஆக ஆண்டுக்கு 25 மில்லியன். சம்பளம் வாரம் 3 லட்சம் என்று ஒரு பேச்சுக்கு வைத்தால் ஆண்டுக்கு 15.6 மில்லியன். இரண்டும் சேர்ந்து ஒரே வீரருக்கு ஆண்டுச் செலவு 40-ஐத் தாண்டுகிறது. "125 மில்லியன்தானே, நம்ம கிளப்பாலும் முடியும்" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் சம்பளத்தை மறந்துவிடுகிறார்கள்.

கடைசி நாள் ராத்திரி டெட்லைன் தாண்டியும் டீல் முடியுதே, எப்படி?

டீல் ஷீட் என்ற தாளால். பேச்சு முடிந்தது என்பதைக் காட்டும் அந்தத் தாளை டெட்லைனுக்கு முன் லீகுக்கு அனுப்பிவிட்டால், மீதிக் காகிதங்களை முடிக்க 2 மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். 2025-ல் இங்கிலாந்தில் விண்டோ மாலை 7 மணிக்கு மூடியது. இரவு அறிவிப்புகள் வந்தது அதனால்தான்.

வெளிநாட்டு டிரான்ஸ்ஃபர் என்றால் ஃபிஃபாவின் டிஎம்எஸ் கணினி அமைப்பில் இரண்டு கிளப்பும் ஒரே விவரத்தை ஏற்ற வேண்டும். 2015-ல் மான்செஸ்டர் யுனைடெட்டின் டேவிட் டி கேயா ரியல் மாட்ரிட் போகாமல் நின்றது இந்தக் காகித வேலை நள்ளிரவைத் தாண்டியதால். இரண்டு கிளப்பும் ஒன்றையொன்று குறை கூறின. அவர் சில நாளிலேயே யுனைடெட்டில் புது ஒப்பந்தம் போட்டார்.

மறுவிற்பனைப் பங்கு 20 சதவீதம்னா எவ்வளவு வரும்?

எழுதிய விதத்தைப் பொறுத்தது. 60-க்கு வாங்கி 125-க்கு விற்றதாக வையுங்கள். லாபத்தில் 20 சதவீதம் என்றால் 65-ல் 13 மில்லியன். மொத்தத் தொகையில் 20 சதவீதம் என்றால் 25 மில்லியன். இந்தப் பங்குக்கு மேலே சொன்ன புத்தக லாபம் பொருந்தாது. வழக்கமாக வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசம்தான்.

சின்ன வயசுல வளர்த்த கிளப்புக்கு ஏதாவது கிடைக்குமா?

கிடைக்கும். ஃபிஃபாவின் சாலிடாரிட்டி விதிப்படி, டிரான்ஸ்ஃபர் தொகையில் 5 சதவீதம் வீரரை 12 முதல் 23 வயது வரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரிக்கப்படும். 12 முதல் 15 வரை ஆண்டுக்கு 0.25 சதவீதம், 16 முதல் 23 வரை ஆண்டுக்கு 0.5 சதவீதம். இது மேலதிகப் பணமல்ல; தொகையிலிருந்து பிடித்து, வாங்கும் கிளப் அனுப்பும்.

இங்கிலாந்துக்குள்ளேயே நடந்த டிரான்ஸ்ஃபர் ஆயிற்றே என்று கேட்கலாம். வளர்த்த கிளப் வேறு நாட்டுச் சங்கத்தைச் சேர்ந்தது என்றால் 2020 ஜூலை முதல் உள்நாட்டு டிரான்ஸ்ஃபருக்கும் இது பொருந்தும். இசாக் 2017 ஜனவரியில் டோர்ட்மண்ட் போகும்வரை ஸ்டாக்ஹோமின் ஏஐகே கிளப்பில் வளர்ந்தவர். 12 முதல் 15 வரை நான்கு ஆண்டுக்கு 1 சதவீதம், 16, 17 வயதுக்கு இன்னொரு 1 சதவீதம். விதியின் கணக்குப்படி 125 மில்லியனில் ஏஐகேவின் பங்கு சுமார் 2.5 மில்லியன் பவுண்ட். தவணையாகப் பணம் வந்தால் இதுவும் தவணை தவணையாகத்தான் போய்ச் சேரும்.